இஞ்சி என்னுஞ் சொல்

அடுக்களையில் நாடோறும் வழங்கும் இஞ்சியின் பெயர் கடல் கடந்தும் வழங்குவதாம். இஞ்சிவேர் என்பதன் பண்டை வடிவமே பாலியிற் சிங்கிவேர எனவும், கிரேக்கத்திற் சிங்கிபெரிஸ் எனவும், அரபியிற் சஞ்சபீல் எனவும், ஆங்கிலத்தில் ஜிஞ்சர் எனவுந் திரிந்தது. வடநூலார் சிருங்கவேரம் என வழங்கி, கொம்புபோலும் உடம்பினதாகலின் அப்பெயர்த்து என்பர். அது பின்னர்ப் புனைந்த பொருள் என்பது மொழிநூலார் பலர் துணிபு. ஆண்டுள்ள ‘வேர’ என்பது நம் வேரே.

அற்றேல், இஞ்சியில் இல்லாத சகரம் அம்மொழிகளில் யாங்ஙனம் வந்தது எனின், பண்டைத் திராவிடத்திற் சொன்முதல் நின்ற சகரம் தமிழிற் சிலவிடத்துக் கெட்டது என்க. ஆறு என்னும் எண்ணுப்பெயர் கோண்டி மொழியிற் சகர முதற்றாய் நிற்றல் இதற்குச் சான்று. தமிழ் இழந்த எழுத்தைப் பிறமொழிகள் காத்தளித்தன. ஆகலின், சொற்பிறப்பு ஆராய்வார் தம்மொழி வடிவொன்றே பற்றி அமையாது, பிறமொழிச் சான்றுந் தேர்தல் வேண்டும்.