ஒரு நிலம், இரு விளைவு

சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்கும் சிராங்கூன் சாலைக்கும் செல்வோர், தாம்பூலத்திற்கு வெற்றிலை வாங்கலாம். வெற்றிலை தமிழ்நாட்டுக் கொடிக்கால்களில் பயிராகும் முறை கவனிக்கத்தக்கது. முதலில் அகத்தியை வளர்த்து, அதன்மேல் கொடியைப் படரவிடுவர். அகத்தி கொடிக்குப் பற்றுக்கோடு; அதன் நிழல் தளிருக்குக் குடை. நிழல் எப்பொழுதும் பயிருக்குப் பகையன்று என்பதை நம் உழவர் அறிந்திருந்தனர்.

அகத்தியின் இடத்தில் சூரிய மின்தகட்டை வைத்தால் என்ன? இதுவே இன்று விஞ்ஞானிகள் ஆராயும் பொருள். பயிர் ஓர் எல்லை வரையில்தான் ஒளியை உணவாக்கும். அதற்கு மேற்பட்ட வெயில் இலையைச் சூடாக்கி, நீரை வற்றச் செய்யும். ஆகவே மிகுதி ஒளியை மின்சாரமாக்கலாம் அன்றோ? தகடுகளை நிலத்திலிருந்து 2 மீட்டர் உயர்த்தி, வரிசைகளுக்கிடையே இடம்விட்டால் கீழே பயிரிடலாம் என்று ஜெர்மானிய விஞ்ஞானிகள் கோட்ஸ்பெர்கர், சாஸ்ட்ரோ இருவரும் 1982இல் எழுதினர். பயிரும் கைம்மாறு செய்கிறது. தகடு சூடேறினால் மின் உற்பத்தி குறையும். இலைகள் வெளிவிடும் நீராவி சுற்றுப்புறத்தைத் தணிக்கிறது.

கேரளத்தின் கொச்சி விமான நிலையம் இதற்கு நல்ல சான்று. 2015இல் முழுவதும் சூரிய மின்சாரத்தால் இயங்கத் தொடங்கிய அந்நிலையம், தகடுகளுக்கிடையே காய்கறியும் பயிரிட்டது. தகடு கழுவும் நீரே செடிக்குப் பாய்கிறது. செடி மூடிய நிலத்தில் களையும் குறைகிறது.

சிங்கப்பூருக்கு இது வெறும் வேடிக்கையன்று. 730 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இந்நாடு, உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து பெறுகிறது. 2030க்குள் 30 விழுக்காட்டுச் சத்துத் தேவையை உள்நாட்டிலேயே விளைவிப்பது என 2019இல் வகுத்த இலக்கு, 2025இல் மாற்றப்பட்டது. மின்சாரத்திற்கோ நிலம் போதாமல், தெங்கே நீர்த்தேக்கத்தின்மேல் 1,22,000 தகடுகளை மிதக்கவிட்டு, 2021இல் 60 மெகாவாட் நிலையம் திறக்கப்பட்டது. எஞ்சியிருப்பவை கூரைகள். 2019இல் அங் மோ கியோவில் வாகன நிறுத்தக் கட்டடத்தின் மாடியிலேயே கீரைப் பண்ணை அமைந்தது. அதே மொட்டைமாடியை மின்தகடும் கேட்கிறது. கீரையா, மின்சாரமா என்ற இவ்வழக்கில், இரண்டும் என்பதே சமரசமான தீர்ப்பு.

ஆயினும் பயிரறிந்து செய்தல் வேண்டும். இஞ்சியும் மஞ்சளும் நிழலைப் பொறுக்கும். முளைக்கீரையும் சோளமும் நல்ல வெயிலை நாடுவன. கூரையோ மண்ணின் பாரம், நீரின் பாரம், தகட்டைத் தூக்கும் கால்கள், காற்றின் வேகம் ஆகிய அனைத்தையும் தாங்க வேண்டும், செலவும் கூடும்.

நிழலின் அளவை அறிவதே இக்கலையின் உயிர். அகத்தி மிகத் தழைத்தால் கிளையைக் கழித்து ஒளி விடுவது கொடிக்கால் உழவரின் வழக்கம். தகட்டைக் கழிக்க முடியாது. ஆதலால் இடைவெளியை முன்னரே கணக்கிட வேண்டும்.