தறி மாறும் கணக்கு

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் தறி வீடுகளுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? தறிக்கு மேலே, துளையிட்ட அட்டைகள் மாலைபோலக் கோத்துத் தொங்கும். சேலையில் வரும் மயிலும் யாளியும் அந்தத் துளைகளில்தான் அடங்கியிருக்கின்றன. துளை உள்ள இடத்தில் கொக்கி உயரும். கொக்கியோடு கயிறும், கயிற்றோடு பாவு இழையும் உயரும். பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய முறை இது. அது வருமுன் காஞ்சியில் 'அடை' கட்டி, உதவியாள் ஒருவர் இழைகளைக் கையால் தூக்கிக் கொடுக்க, நெசவு நடந்தது.

அந்த அட்டைகளைக் கழற்றி வேறொரு தறியில் மாட்டினால் அதே மயில் வருமா? கொக்கிகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும், வரும் என்று உறுதி சொல்ல முடியாது. கயிறுகளைக் கட்டிய வரிசை அங்கே வேறாக இருந்தால் மயில் முகம் திருப்பி நிற்கலாம். ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு மயில்களாகவும் ஆகலாம். தறி நிற்காது, இழை அறுந்து எச்சரிக்காது. உரு மட்டும் மாறிவிடும்.

கணிப்பொறியில் இயற்கணிதம் செய்வோருக்கும் இதே தொல்லை உண்டு. சாதாரணக் கணிப்பான் எண்களைத்தான் பெருக்கும். குறியீட்டுக் கணித மென்பொருளோ அ, ஆ என்ற எழுத்துகளை எழுத்துகளாகவே வைத்துக்கொண்டு விரிக்கும், காரணிப்படுத்தும், தொகையீடும் செய்யும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1980-இல் பிறந்த மேப்பிள், 1988-இல் வெளிவந்த மேத்தமேட்டிகா, பைத்தான் மொழியில் எழுதப்பட்டு இலவசமாகக் கிடைக்கும் சிம்பை ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை.

ஒன்றில் எழுதிய நிரலை மற்றொன்றுக்கு ஏன் மாற்ற வேண்டும்? பெரும்பாலும் உரிமக் கட்டணம்தான் காரணம். ஐ.ஐ.டி. மும்பையின் 'ஃபாஸ்ஸி' திட்டம், கல்லூரி ஆய்வகங்களை விலைக்கு வாங்கும் மென்பொருளிலிருந்து சைலாப் போன்ற கட்டற்ற மென்பொருளுக்கு மாற்ற உதவுகிறது. அங்கே மாற்றப்படுபவை பெரும்பாலும் எண் கணக்குகள். எழுத்துக் கணக்கில் பொறிகள் இன்னும் அதிகம்.

பெயர் மாற்றம் சிறிய வேலை. அதை ஒரு பட்டியல் பார்த்துச் செய்துவிடலாம். குறிகளில்தான் கவனம் தேவை. மேத்தமேட்டிகாவில் 2^3 என்றால் 8. அதையே பைத்தானில் அப்படியே எழுதினால் விடை 1! அங்கே கூரைக் குறிக்கு அடுக்கு என்று பொருளில்லை. இரும இலக்கங்களை ஒப்பிடும் வேறொரு வேலை. 1/3 என்று எழுதினாலோ, சிம்பையின் கைக்குப் போகுமுன்பே பைத்தான் அதை 0.3333... என்று தசமமாக்கிவிடும். துல்லியமான பின்னம் போய்விட்டது.

இவற்றையும் பழகிவிடலாம். உண்மையான ஆபத்து, பெயரும் குறியும் பொருந்திப் பொருள் மட்டும் மாறும் இடத்தில் இருக்கிறது. ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். 1 மீட்டர் நீள ஊசல் சிறிதாக ஆடினால், பள்ளிப் பாடச் சூத்திரப்படி அலைவு காலம் 2.007 வினாடி. 60° வரை வீசி ஆடினால் அந்தச் சூத்திரம் போதாது. நீள்வட்டத் தொகையீடு என்ற சார்பு வேண்டும். வீச்சில் பாதியான 30°-இன் சைன் மதிப்பு 0.5. மேப்பிளில் இந்தச் சார்புக்கு 0.5 என்றே கொடுக்க வேண்டும். மேத்தமேட்டிகாவும் சிம்பையும் எதிர்பார்ப்பது அதன் வர்க்கம், அதாவது 0.25. இரு வழக்கங்களும் பாடநூல்களில் உள்ளவைதாம். எதையும் பிழை என்று சொல்வதற்கில்லை.

மேப்பிள் நிரலை அப்படியே சிம்பைக்குப் பெயர்த்தவர் 0.5-ஐயே கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். சரியான விடை 2.154 வினாடி, அவருக்குக் கிடைப்பது 2.369. பத்து சதவீதப் பிழை! திரையில் ஓர் எச்சரிக்கையும் வராது. எண் நம்பும்படியாகவே இருப்பதால் ஆய்வேட்டில் ஏறிவிடும். அதைப் பின்பற்றுபவர் ஏட்டிலும் ஏறும்.

சோதித்துப் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். எந்த இடத்தில் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. பலரும் முதலில் போட்டுப் பார்ப்பது 0. சுழியின் வர்க்கமும் சுழியே. ஆகவே அங்கே இரண்டு நிரல்களும் அழகாக ஒத்துப்போகும், பிழை ஒளிந்துகொள்ளும். 37°, 71° என்று ஒழுங்கற்ற மதிப்புகளாகச் சிலவற்றைக் கொடுத்து, பழைய நிரலின் விடையோடு பத்துத் தசம இடம்வரை ஒப்பிடுவதே நல்லது.

தொகையீட்டு விடைகளில் இந்த ஒப்பீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. சைன், கோசைன் இவற்றின் பெருக்கலைத் தொகையிட்டால் ஒரு மென்பொருள் சைன் வர்க்கத்தில் பாதி என்று தரும். இன்னொன்று இரட்டைக் கோணத்தின் கோசைனில் கால் பங்கு, கழித்தல் குறியோடு, என்று தரலாம். எந்தக் கோணத்தைப் போட்டாலும் இரண்டுக்கும் இடையே ¼ வித்தியாசம் வரும். பிழை என்று பதற வேண்டாம். அது தொகையீட்டு மாறிலி. இரண்டையும் மீண்டும் வகையீடு செய்து பாருங்கள். ஒரே சார்பு கிடைக்கும்.