வீட்டு வருமானம் குறைஞ்சிடுச்சா? குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் சம்பளத்தை என்ன செய்வது?

ஐ.டி. நிறுவனத்தில் லேஆஃப், சம்பளமில்லாத விடுப்பு, கைக்கு வராத ஃப்ரீலான்ஸ் பேமெண்ட்... இருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டில் ஒன்று நின்றுபோனால் முதலில் ஓடிடி, ஹோட்டல் சாப்பாடு கட். அடுத்து கண்ணில் படுவது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் சம்பளம். ஆனால் அந்தப் பணத்தில்தான் அவர் வீட்டு வாடகையும், சீட்டும், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும் ஓடுகின்றன.

எப்போது சொல்வது?

தெரிந்த உடனே. சம்பள நாளன்று ‘இந்த மாசம் பாதிதான்க்கா’ என்று சொல்வதுதான் மோசமான வழி. அந்த மாத வேலையை அவர் ஏற்கெனவே முடித்துவிட்டார். அதற்குப் பேசிய தொகையை முழுசாகக் கொடுத்துவிட வேண்டும். மாற்றம் எதுவானாலும் அடுத்த மாதத்திலிருந்துதான். வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் உட்கார வைத்துப் பேசுங்கள்.

சம்பளத்தைக் குறைக்கலாமா?

நேரத்தைக் குறைக்கலாம், மணிக்கணக்கு ரேட்டைக் குறைக்கக் கூடாது. ஒரு கணக்கு பார்ப்போம். தினமும் 8 மணி நேரம், மாதம் 25 நாள், சம்பளம் 15,000 ரூபாய் என்றால் மணிக்கு 75 ரூபாய். அதே வேலைக்கு 10,000 ரூபாய் கொடுத்தால், மாதம் சுமார் 67 மணி நேரம் அவர் சும்மா உழைக்கிறார் என்று அர்த்தம். அதுவே தினமும் 4 மணி நேரமாக மாற்றி 7,500 ரூபாய் கொடுத்தால், மீதி நேரத்தில் அவர் வேறு வீட்டில் சம்பாதிக்க முடியும்.

வேலை தேடுபவர்களுக்கு இது உதவியும்கூட. இன்டர்வியூ கொடுக்கவும், படிக்கவும் குழந்தை இல்லாத சில மணி நேரம் கட்டாயம் தேவை.

பேச்சில் தெளிவாக வேண்டியவை

* புது நேரம், புது சம்பளம், எந்தத் தேதியிலிருந்து?
* மறுபடி எப்போது பேசுவது? ‘நிலைமை சரியானதும்’ என்று விடாமல், இரண்டு மாதம் கழித்து ஒரு தேதி குறியுங்கள்.
* ஒரு பகுதியைப் பிறகு தருவதாக இருந்தால், அவர் சம்மதித்தால் மட்டுமே. தொகையை எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.
* அட்வான்ஸ் பிடித்தம் இருந்தால், அதைச் சில மாதம் தள்ளிவையுங்கள்.
* நேரம் குறைந்த பிறகு ‘கொஞ்சம் பாத்திரமும் கழுவிடுங்கக்கா’ என்று வேலையைக் கூட்டாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டு வேலைத் தொழிலாளர்களின் உரிமைகளுக்கான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189-வது உடன்படிக்கை 2011-ல் நிறைவேறியது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தும், இன்னும் முறைப்படி ஏற்கவில்லை. இவர்களுக்கான சட்டம் குறித்து ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நலவாரியம் இயங்குகிறது. குறைந்தபட்ச ஊதியமும் 2018-ல் அறிவிக்கப்பட்டது. அக்கா நலவாரியத்தில் பதிவு செய்யவில்லை என்றால், அதற்கு உதவுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை, கொஞ்சம் நேரம் போதும்.

நிறுத்தியே ஆக வேண்டும் என்றால்?

ஆபீஸில் உங்களுக்கு நோட்டீஸ் பீரியட் இருப்பதுபோல அவருக்கும் ஒரு மாத அவகாசம் கொடுங்கள். முடியாவிட்டால் ஒரு மாதச் சம்பளம். அப்பார்ட்மெண்ட் குரூப்பில் அவரைப் பற்றி நல்லபடியாகச் சொல்லி வேறு வேலைக்கு வழி செய்யுங்கள்.

‘வேற இடம் கிடைச்சா போயிடுவேன்மா’ என்று அவர் சொன்னால் கோபப்படாதீர்கள். அவரும் தன் வீட்டு பட்ஜெட்டைத்தான் பார்க்கிறார்.