உங்களுக்குத் தெரியுமா? குழந்தையை எடுத்த பிறகு மடிக்கவும்!

● அமெரிக்காவில் விற்ற ஒரு குழந்தைத் தள்ளுவண்டியில், "மடிப்பதற்கு முன் குழந்தையை வெளியே எடுத்துவிடவும்" என்று ஒட்டியிருந்தார்கள். இப்படிப்பட்ட லேபிள்களைத் தேடிப்பிடித்து அனுப்புபவர்களுக்குப் பரிசு கொடுக்கவே 1997-இல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு போட்டி தொடங்கினார்கள். கழிவறை பிரஷ்ஷில் "உடலைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தக் கூடாது", மூன்று கொக்கி வைத்த மீன்பிடித் தூண்டிலில் "விழுங்கினால் ஆபத்து" என்று எழுதியிருந்ததெல்லாம் அங்கே பேர் வாங்கியவை. 2007-இல் முதல் பரிசு ஒரு வாஷிங் மெஷினுக்குப் போனது: "இதற்குள் ஆட்களைப் போடாதீர்கள்." இன்னொரு முறை ஒரு டிராக்டர் ஜெயித்தது: "அபாயம்! மரணத்தைத் தவிர்க்கவும்." சித்தர்கள் காயகல்பம் தேடிக் காடு மேடெல்லாம் அலைந்திருக்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

ஒரு விஷயம்: போட்டியை நடத்தியவர்கள், நஷ்ட ஈட்டு வழக்குகள் பெருகிவிட்டன என்று பிரசாரம் செய்கிற அமைப்பினர். அவர்கள் சிரிக்கச் சொல்லும் இடத்தில் கொஞ்சம் நிதானித்தே சிரிக்கலாம்.

● அயர்ன் பாக்ஸ்: "உடுத்தியிருக்கும் துணியை அப்படியே தேய்க்காதீர்கள்." ஹேர் டிரையர்: "தூங்கும்போது பயன்படுத்தாதீர்கள்." சிறுவர்களுக்கான சூப்பர்மேன் உடை: "இதை அணிவதால் பறக்க முடியாது." மூன்றும் நிஜமாகவே அச்சடிக்கப்பட்டவை. டிவியில் 'சக்திமான்' பறந்த காலத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் மூன்றாவதைப் படித்துச் சிரிக்க மாட்டார்கள்.

● "காபி கொட்டிக்கொண்டதற்கு லட்சக்கணக்கில் டாலர் வாங்கிய பாட்டி" கதையை எல்லோரும் கேட்டிருப்போம். கதையின் மறுபாதியைத்தான் யாரும் சொல்வதில்லை.

1992, நியூ மெக்சிகோ மாநிலம், ஆல்புகர்க்கி நகரம். 79 வயது ஸ்டெல்லா லீபெக், மெக்டொனால்ட்ஸில் 49 சென்ட்டுக்கு ஒரு காபி வாங்கினார். வண்டியை ஓட்டியது பேரன்; அதுவும் அப்போது நின்றுகொண்டிருந்தது. பாலும் சர்க்கரையும் கலக்கலாம் என்று கோப்பையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து மூடியைத் திறந்தபோது மொத்தமும் மடியில் கொட்டியது. அந்த உணவகங்கள் அப்போது காபியை வைத்திருந்த சூடு 82 முதல் 88 டிகிரி செல்சியஸ். சில விநாடிகளில் தோலின் எல்லா அடுக்கும் வெந்துவிடும். எட்டு நாள் ஆஸ்பத்திரி, தொடையில் தோல் ஒட்டு சிகிச்சை. செலவுக்காக அவர் கேட்டது 20,000 டாலர். நிறுவனம் தருவதாகச் சொன்னது 800. வழக்கு நீதிமன்றம் போனபோதுதான், அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் இதே சூட்டைப் பற்றி எழுநூறு புகார்கள் வந்திருந்தது வெளியே தெரிந்தது.

1994-இல் ஜூரி விதித்தது சுமார் 28.6 லட்சம் டாலர். பத்திரிகைத் தலைப்பில் வந்தது அந்தத் தொகைதான். நீதிபதி அதை 6.4 லட்சமாகக் குறைத்ததும், பிறகு இரு தரப்பும் வெளியே சொல்லாமல் சமரசமாகப் போனதும் தலைப்புக்கு வரவில்லை. இன்னொன்று: அந்தக் கோப்பையில் எச்சரிக்கை ஏற்கெனவே இருந்தது. போதிய அளவில் கண்ணில் படும்படி இல்லை என்பதுதான் ஜூரியின் குறை. இன்று காகிதக் கோப்பைகளில் "உள்ளே இருப்பது சூடானது" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அதற்குப் பின்னால் இந்த வழக்குக்கும் பங்கு உண்டு.

● வேனை, வேகத்தை மட்டும் மாறாமல் வைத்திருக்கும் 'குரூஸ் கன்ட்ரோலில்' போட்டுவிட்டுப் பின்னால் காபி கலக்கப் போனவர், விபத்துக்குப் பின் வழக்குப் போட்டு ஜெயித்தார் என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. முழுக் கட்டுக்கதை.

● லேபிள்கள் ஏன் இப்படிப் பேசுகின்றன? அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பொருளின் குறை மூன்று வகை: செய்ததில் குறை, வடிவமைத்ததில் குறை, எச்சரிக்கத் தவறிய குறை. மூன்றாவதுக்குத்தான் இவ்வளவு மையும் காகிதமும். வாஷிங் மெஷினில் எழுதியிருப்பது உங்களுக்கும் எனக்கும் அல்ல, என்றாவது ஒருநாள் வழக்கை விசாரிக்கப்போகும் நீதிபதிக்கு. இப்படி எடுத்துக்கொண்டால் பாதி லேபிள்களின் அசட்டுத்தனம் தெளிந்துவிடும்.

● மீதிப் பாதி தெளியாது. காது குடையும் பட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களில் லியோ கெர்ஸ்டென்சாங் என்பவர் அமெரிக்காவில் சந்தைக்குக் கொண்டுவந்த பொருள் அது. 1970-களிலிருந்து டப்பாவில் "காதுத் துளைக்குள் நுழைக்காதீர்கள்" என்று அச்சாகிறது. டாக்டர்களும் அதையே சொல்கிறார்கள். குடையக் குடைய அழுக்கு உள்ளேதான் போகும். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் எதற்காக வாங்குகிறார்களோ, அதைத்தான் செய்யக் கூடாது என்கிறது டப்பா. எழுதியவருக்கும் அது தெரியும், விற்பவருக்கும் தெரியும், காதுக்கும் தெரியும்.

● உலகத்திலேயே கெட்டிக்கார எச்சரிக்கை எது என்று என்னைக் கேட்டால், அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920–33 காலத்துத் திராட்சைக் கட்டியில் இருந்ததைச் சொல்வேன். சாற்றைக் கெட்டியாக்கி செங்கல்போல விற்றார்கள். கூடவே ஒரு குறிப்பு: இதை ஒரு கேலன் தண்ணீரில் கரைத்து, ஜாடியில் ஊற்றி, அலமாரியில் இருபது நாள் வைத்துவிடாதீர்கள், வைத்தால் ஒயின் ஆகிவிடும்! செய்முறை இதைவிடத் தெளிவாக எங்கே கிடைக்கும்?

● தூக்க மாத்திரை அட்டையில் "தூக்கம் வரலாம்." வராவிட்டால் அல்லவா புகார் செய்ய வேண்டும்!

● கலிஃபோர்னியாவில் 1986-இல் மக்கள் வாக்களித்து 'புரொபசிஷன் 65' என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். புற்றுநோயோ பிறவிக் குறைபாடோ உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள் இருந்தால் சொல்லியாக வேண்டும். பட்டியலில் இன்று ஏறக்குறைய 900 வேதிப்பொருள்கள். சொல்லாவிட்டால் தனி மனிதர் யாரும் வழக்குப் போடலாம். அபராதத்தில் கால் பங்கு அவருக்கு. இருக்கிறதா என்று சோதிப்பதைவிட ஸ்டிக்கர் ஒட்டுவது மலிவு அல்லவா? கார் நிறுத்தும் கட்டடம், சோபா, டிஸ்னிலேண்டின் வாசல் எல்லாம் எச்சரிக்க ஆரம்பித்தன. காபிக் கொட்டை வறுக்கும்போது அந்தப் பட்டியலில் உள்ள அக்ரிலமைடு உண்டாவதால், காபிக்கும் எச்சரிக்கை வேண்டும் என்று 2018-இல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிபதி தீர்ப்பளித்தார். மறுவருடமே மாநில அரசு, காபியால் குறிப்பிடத்தக்க ஆபத்து இல்லை என்று விலக்குக் கொடுத்துவிட்டது. கும்பகோணம் டிகிரி காபிக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அவர்கள் கவலைப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

● புது ஷூ டப்பாவில் கிடக்கும் "சாப்பிடாதீர்கள்" பொட்டலத்தில் இருப்பது சிலிக்கா ஜெல். அது விஷமல்ல. குழந்தை தொண்டையில் சிக்கிவிடுமே என்ற பயம் முதல் காரணம். ஈரம் பட்டால் நிறம் மாறுகிற நீலமணி வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கலாம். அது நிஜமாகவே நச்சு.

● நம் ஊருக்கு வருவோம். பூச்சி மருந்து, கொசு மருந்து டப்பாக்களில் ஒரு சாய்சதுரம் இருக்கும். கீழ்ப்பாதியின் நிறம்தான் சேதி: சிவப்பு மிகக் கொடிய நச்சு, பிறகு மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் அப்படிச் சொல்கின்றன. பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்தால் சைவம் என்று பழகிய கண், இங்கே பச்சையைப் பார்த்ததும் 'பரவாயில்லை' என்று நினைத்துக்கொள்ளும். பச்சைக்கு இங்கே 'நச்சுக் குறைவு' என்றுதான் பொருள். நச்சே இல்லை என்று யாரும் எழுதித் தரவில்லை.

● சிரிக்கக் கூடாத லேபிளும் உண்டு: "வேறு எதனுடனும் கலக்காதீர்கள்." பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்தவர்கள் மேல் ஏவப்பட்ட அதே வாயு. 'ரெண்டும் சேர்ந்தா பளிச்சுனு இருக்கும்' என்று ஆலோசனை சொல்பவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

● மண்டையோடு பார்த்தால் குழந்தைகள் பயப்படுவார்கள் என்பது பெரியவர்களின் நினைப்பு. 1971-இல் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையின் நச்சு மையத்தார் இதைக் கவனித்தார்கள்: மண்டையோடு என்றால் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது கடற்கொள்ளையர் விளையாட்டு. ஊரின் பேஸ்பால் அணிக்கே 'பைரேட்ஸ்' என்றுதான் பெயர்! ஆகவே நாக்கை நீட்டி முகம் சுளிக்கும் ஒரு பச்சை மூஞ்சியை வரைந்து, 'மிஸ்டர் யக்' என்று பேர் வைத்தார்கள்.

● லேபிளைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நாக்குதான் வழி. டெனடோனியம் என்ற பொருள், வேம்பும் பாகலும் கிட்ட நிற்க முடியாத அளவுக்குக் கசக்கும். குழந்தைகள் வாயில் போட்டுவிடக் கூடாதென்று 2017-இல் நின்டெண்டோ தன் குட்டி விளையாட்டு கார்ட்ரிட்ஜ்களில் இதைப் பூசியது. உடனே பெரியவர்கள் வரிசையாக நக்கிப் பார்த்து, வீடியோ போட்டார்கள்.

● அமெரிக்காவில் மாத்திரை டப்பா மூடி குழந்தைக்குத் திறக்கக் கூடாது. வயதானவருக்குத் திறக்க வேண்டும். இரு தரப்பையும் உட்காரவைத்துச் சோதிப்பார்கள். நாலு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு முதலில் ஐந்து நிமிடம். பிறகு திறந்து காட்டி, "வேண்டுமானால் பல்லாலும் முயற்சி செய்யலாம்" என்று சொல்லி இன்னும் ஐந்து நிமிடம். கடிப்பதற்குச் சட்டமே அனுமதி தருகிற இடம் வேறெதுவும் எனக்குத் தெரியாது.

● 2005-இல் ஆப்பிள், தன் குட்டி ஐபாட் ஷஃபிளை சூயிங்கம் பாக்கெட்டோடு ஒப்பிட்டு விளம்பரம் செய்துவிட்டு, அடிக்குறிப்பில் "ஐபாடைத் தின்னாதீர்கள்" என்று போட்டது. அது வேண்டுமென்றே செய்த குறும்பு. பாட்டுக் கேட்கும் ஐடியூன்ஸின் ஒப்பந்தத்தில், இதைக் கொண்டு அணு ஆயுதமோ ஏவுகணையோ செய்ய மாட்டேன் என்று நம்மிடம் சம்மதம் வாங்கியதே, அது குறும்பு அல்ல.

● அமெரிக்க மெத்தைகளில் "இந்தச் சீட்டைக் கிழித்தால் சட்டப்படி தண்டனை" என்று தொங்கும். பழைய கந்தலையும் அழுக்குப் பஞ்சையும் திணித்து, புதுசு என்று விற்ற வியாபாரிகளைப் பிடிக்க வந்த சட்டம் அது. வாங்கியவர்களும் பல்லாண்டுகள் கிழிக்கப் பயந்துகொண்டு கிடந்ததால், "வாங்கியவர் நீங்கலாக" என்று பிற்பாடு சேர்த்தார்கள். வீட்டுக்கு வந்த மெத்தையில் தாராளமாகக் கிழிக்கலாம்.