காயம் ஆறிய பின்னும் ஆறாத வலி: நரம்பியல் ஆய்வுகள் கூறுவதென்ன?

வலி மனிதனுக்கு அருளப்பட்ட ஒரு காவலன். நெருப்பைத் தொட்ட கை பின்வாங்குவதும், முறிந்த காலை ஊன்றாது ஒருவர் அமர்ந்துவிடுவதும் அக்காவலின் பயனேயாகும். வட பாகிஸ்தானிய குடும்பங்கள் சிலவற்றில் வலியையே உணராது பிறந்தோரைப் பற்றிய ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. நரம்புகளினுள் சோடியம் அயன்களைச் செல்லவிடும் ஒருவகைப் புரத வாயிலை உருவாக்கும் பரம்பரையலகு அவர்களிடத்தில் பழுதுற்றிருந்தது. அவ்வாய்வுக்குத் தூண்டுகோலாய் அமைந்த சிறுவன், கையில் கத்தியைச் செருகியும் தணல்மீது நடந்தும் தெருவில் வித்தை காட்டியவன். ஏறத்தாழ 14 வயதில், வீட்டுக் கூரையிலிருந்து குதித்து அவன் உயிர்நீத்தான். வலியின்மை எத்துணை ஆபத்தானது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆயினும், காவலனே ஓயாது கூக்குரலிட்டால் வீட்டார் உறங்குவதெவ்வாறு? மூன்று மாதங்களுக்கு மேல் நிலைத்திருக்கும் அல்லது மீண்டும் மீண்டும் தோன்றும் வலியை மருத்துவம் 'நீடித்த வலி' என அழைக்கின்றது. இவ்வாறு துன்புறுவோர் பலரின் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களில் குறிப்பிடத்தக்க பழுது எதுவும் தென்படுவதில்லை. அதனால் "எல்லாம் மனப்பிரமை" என்ற தீர்ப்பு அவர்கள்மீது சுமத்தப்படுகின்றது. இத்தீர்ப்பு சரியானதுதானா என்பதே இங்கு நாம் நோக்கவேண்டிய வினாவாகும்.

இத்தீர்ப்பின் வேர் ஒரு பழைய கருத்தில் உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட், வலியை மணியோசைக்கு ஒப்பிட்டார். கயிற்றின் கீழ்முனையை இழுத்தால் மேலே மணி ஒலிப்பதுபோல, காலில் பட்ட சூடு நரம்பின் வழியே மூளையை எட்டுகின்றது என்றார். இதன்படி, இழுக்கும் கை இல்லையேல் ஓசையும் இருத்தலாகாது.

1965இல் மெல்சாக், வோல் எனும் இரு ஆய்வாளர்கள் முன்வைத்த 'வாயிற் கொள்கை' இக்கருத்தை அசைத்தது. முண்ணாண் வெறும் கயிறன்று. அங்கு ஒரு வாயில் உண்டு. மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகளும் தொடுகை உணர்வும் அதனைத் திறக்கவோ மூடவோ வல்லன என்று அவர்கள் விளக்கினர். அடிபட்ட இடத்தை நாம் தேய்த்துவிடும்போது வலி சற்றுத் தணிவது இதனால்தான். அக்கொள்கையின் நுண்விபரங்கள் பல பின்னர் திருத்தப்பட்டபோதிலும் அடிப்படை நிலைத்துவிட்டது.

1983இல் கிளிஃபர்ட் வூல்ஃப் எலிகளில் நடாத்திய பரிசோதனை மற்றொரு உண்மையை வெளிக்கொணர்ந்தது. காயத்தின் பின் முண்ணாணிலுள்ள நரம்புக் கலங்களே கூருணர்வு பெற்றுவிடுகின்றன. வலிச் செய்திகள் இடைவிடாது வந்து சேரும்போது, அக்கலங்களில் அடைபட்டிருக்கும் சில வாங்கிகள் திறக்கின்றன, கல்சியம் உட்புகுகின்றது, நரம்பிணைப்புகள் வலுவடைகின்றன. மூளை ஒன்றை நினைவிற் பதிக்கும் முறைக்கு இது பெரிதும் ஒத்தது. இதன் விளைவாக, சிறு வலி பெருவலியாகின்றது; ஆடை உரசுவதும் எரிச்சலாகின்றது. நரம்பு சேதமுறும்போது, முண்ணாணின் காவற் கலங்களான மைக்ரோகிளியாக்களும் இதில் பங்குகொள்வதை 2003இலும் 2005இலும் வெளியான விலங்காய்வுகள் காட்டின.

மூளையும் இதற்கு விலக்கன்று. புதிதாக முதுகுவலி ஏற்பட்டோரை ஏறத்தாழ ஓராண்டு காலம் பின்தொடர்ந்து அப்காரியன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஊக்கம், உணர்ச்சி ஆகியவற்றோடு தொடர்புடைய இரு மூளைப் பகுதிகளுக்கிடையிலான இணைப்பு யாரிடம் ஆரம்பத்திலேயே வலுவாயிருந்ததோ, அவர்களிடமே வலி நிலைத்துவிடும் போக்கு காணப்பட்டது.

இங்கு இப்னு ஸீனாவை நினைவுகூர்வது பொருத்தமாகும். உடற்றொடர்ச்சி அறுபடுவதே வலிக்குக் காரணம் என்பது கிரேக்க மருத்துவர் கலெனின் நிலைப்பாடு. தமது 'அல்-கானூன்' நூலில் வலியைப் பதினைந்து வகையாகப் பிரித்த இப்னு ஸீனா, இதனை முழுமையாக ஏற்கவில்லை. உறுப்பின் இயல்புச் சமநிலை மாறுவதும் தன்னளவில் வலியைத் தோற்றுவிக்கும் என்றார். நவீன நரம்பியலை அவர் முன்னறிந்தார் எனக் கூறுவது மிகையாகும். ஆயினும், நோயாளியின் சொல்லைக் கூர்ந்து கேட்ட ஒரு மருத்துவருக்கே அவ்வகைப்பாடு சாத்தியமாகியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய் வகைப்பாட்டில் நீடித்த வலி தனியிடம் பெற்றுள்ளது. அதன் ஒரு வகை, தன்னளவிலேயே நோயாகவும் ஏற்கப்பட்டுள்ளது. சிகிச்சையின் நோக்கும் இதற்கேற்ப மாறுகின்றது. நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்தொன்றை வைத்தியர் எழுதும்போது, தம்மை மனநோயாளி எனக் கருதிவிட்டாரோ என்று பலர் வருந்துகின்றனர். உண்மையில், மூளையிலிருந்து இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைகளை வலுப்படுத்தவே அம்மருந்து வழங்கப்படுகின்றது. படிப்படியான உடற்பயிற்சியும் உளவியற் பயிற்சியும் அந்நரம்புத்தொகுதியைப் பழக்குவதற்கே. எனினும், இவற்றால் எல்லோரும் பூரண குணமடைவதில்லை என்பதையும் மறைத்தலாகாது.

படத்தில் தெரியாதது இல்லாததாகிவிடாது. மாற்றம் எலும்பிலோ தசையிலோ அன்றி, செய்தியைச் சுமக்கும் நரம்பிலேயே நிகழ்ந்திருக்கலாம். எனவே, வலிக்கிறது என்று கூறுபவரை நம்புவது இரக்கம் மாத்திரமன்று. விஞ்ஞானம் இன்று வேண்டிநிற்கும் முதற்சிகிச்சையும் அதுவேயாகும்.