தலையா, ஓநாயா?

காசைச் சுண்டிப் போட்டு, "தலையா, பூவா?" என்று கேட்பது நம் ஊர்ப் பிள்ளைகளின் வழக்கம். 1967-ம் வருஷம் கனடா தேசத்துப் பிள்ளைகள் அரை டாலர் காசைச் சுண்டியிருந்தால், "தலையா, ஓநாயா?" என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்! ஒரு பக்கம் எலிஸபெத் ராணியின் தலை. திருப்பினால், ஒற்றை ஓநாய் ஒன்று தலையை நிமிர்த்தி ஊளையிட்டுக் கொண்டு நிற்கும்.

வெள்ளிக் காசில் ஓநாய்க்கு என்ன வேலை? அது சுவையான கதை.

கனடா ஒரு நாடாக உருவானது 1867-ல். நூற்றாண்டு விழா நெருங்கியபோது, அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் காசுகளில் புதுச் சித்திரங்கள் பொறிப்பது என்று சர்க்கார் தீர்மானித்தது. போட்டியும் வைத்தார்கள். வென்றவர் அலெக்ஸ் கோல்வில் என்ற ஓவியர். இரண்டாவது உலக மகா யுத்தத்தில் ராணுவத்தோடு சென்று போர்க் காட்சிகளைத் தீட்டியவர். 1945-ல் பெர்கன்-பெல்ஸன் வதை முகாமின் கோரத்தை நேரில் கண்டவர்.

அப்படிப்பட்டவர் தளபதிகளையும் மந்திரிகளையும் வரையவில்லை. பிராணிகளை வரைந்தார்! ஒரு சென்ட்டில் மாடப்புறா, ஐந்து சென்ட்டில் முயல், பத்தில் கானாங்கெளுத்தி மீன், இருபத்தைந்தில் காட்டுப் பூனை, ஐம்பதில் ஓநாய், ஒரு டாலரில் பறக்கும் காட்டு வாத்து. புறா சமாதானத்துக்கும், முயல் புது வாழ்வுக்கும் அடையாளம் என்றார் அவர். ஓநாய்? கனடாவின் பரந்த வெளிக்கும், அதன் தனிமைக்கும்!

முதல் இரண்டும் வெள்ளியல்ல. மற்ற நான்கும் வெள்ளிக் காசுகள். வாத்து டாலரின் எடை 23.3 கிராம். நம் பாட்டிமார் கணக்கில் சரியாக இரண்டு தோலா! அதில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி.

ஆனால் விழா வருஷத்திலேயே வினையும் வந்தது. உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறத் தொடங்கியது. வருஷ நடுவில், பாலில் தண்ணீர் சேர்ப்பது போல், மீன் காசிலும் பூனைக் காசிலும் வெள்ளியை 80 பங்கிலிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். எது முந்தியது, எது பிந்தியது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 1968 முடிவதற்குள் புழங்கும் காசுகளிலிருந்து வெள்ளி அடியோடு விடை பெற்றது, நிக்கல் வந்தது.

பிறகு வந்தது பெரிய சோதனை. 1980 ஜனவரியில் வெள்ளி, அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. ஒரு டாலர் காசிலுள்ள வெள்ளி மட்டுமே ஏறக்குறைய 30 டாலர் பெறும் என்றால், ஜனங்கள் சும்மா இருப்பார்களா? பெட்டியிலிருந்த பழைய வெள்ளிக் காசுகள் ஏராளமாக உலைக்குப் போயின. உலைக்கு ஓநாயும் ஒன்றுதான், வாத்தும் ஒன்றுதான்!

தப்பிப் பிழைத்தவற்றைத்தான் இன்று சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். அச்சு சற்றே திரும்பிப் போனதால், சில டாலர்களில் வாத்து தலைகீழாகப் பாய்வது போல் இருக்கும். அந்தத் தவறுக்குத் தனி மதிப்பு! இப்படி ஏதாவது காசு உங்களிடம் இருந்தால் ஒரு வார்த்தை: பளபளப்பாக்குவதாக எண்ணி விபூதி போட்டுத் தேய்த்து விடாதீர்கள். தேய்த்த காசுக்கு மதிப்புக் குறைவு.

2011-ல் கனடா நாணயச் சாலை மறுபடியும் வெள்ளியில் ஓர் ஓநாயை வெளியிட்டது. ஒரு அவுன்ஸ், கலப்பே இல்லாத சுத்த வெள்ளி. '5 டாலர்' என்று பொறித்திருந்தாலும், வெள்ளியின் விலை அதற்குப் பல மடங்கு. ஆகையால் அதை எந்தக் கடையிலும் யாரும் நீட்ட மாட்டார்கள். உறைக்குள்ளேயே பத்திரமாக இருக்கும்.

1967-ம் வருஷத்து ஓநாய் அப்படியல்ல. சட்டைப் பையில் குலுங்கி, கடைக்காரர் கல்லாவில் விழுந்து, யார் யார் கையிலோ ஏறி இறங்கியது. முதுகுப் பக்கம் தேய்ந்துகூட இருக்கும். அழகில் புதியது ஜெயிக்கலாம். ஆனால், ஒரு தேசமே தன் கையில் வைத்துப் புழங்கிய ஓநாய் எது என்று கேட்டால், தேய்ந்த பழைய ஓநாயைத்தான் காட்ட வேண்டும்.