காப்பீட்டு அட்டையும் கைக்கெட்டும் மருத்துவமனையும்

நோய் நம்மிடம் நாள் கேட்டுக்கொண்டு வருவதில்லை. தறியில் புதுப் பாவு ஏற்றிய அன்றும் வரும். மல்லிகையும் முல்லையும் மலிந்து பூப்பறிப்பு மும்முரமாக நடக்கும் காலத்திலும் வரும். அவ்வாறு வந்தபோது வீட்டு நகை அடகுக் கடைக்குப் போவதும், தென்னந்தோப்பு ஒற்றிக்குப் போவதும் நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கண்ட காட்சிகள். இக்கேட்டினின்றும் குடும்பங்களைக் காக்கவே மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் ஏற்பட்டன. இன்று நம் அங்கத்தினர் பலருடைய வீட்டில் அரசின் காப்பீட்டு அட்டை இருக்கிறது. சிலர் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் பாலிசியும் எடுத்திருக்கின்றனர். ஆயினும் அட்டையைப் பெட்டியில் பத்திரப்படுத்தியவர்களுள் எத்தனை பேர், அது எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை விசாரித்து வைத்திருக்கின்றனர்? இக்கேள்வியை நோய் வந்த இரவில் கேட்பதைவிட, நலமாயிருக்கும் இன்றே கேட்டுக்கொள்வது மேல். அதற்குத் துணைபுரியவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அரசு அட்டை தருவது என்ன?

தமிழ்நாட்டில் 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனா இதனுடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு மிகாத குடும்பங்கள் இதில் சேரலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. ஆண்டொன்றுக்குக் குடும்பம் முழுமைக்குமாக ரூ.5 இலட்சம் வரை சிகிச்சை பெறலாம்.

இத்திட்டத்தைப் பற்றி மூன்று விஷயங்களை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது, இது பட்டியலில் கண்ட சிகிச்சைகளுக்கு உரியது. இருதய அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை, சிறுநீரகக் கோளாறுக்கான இரத்தச் சுத்திகரிப்பு என ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அப்பட்டியலில் உண்டு. சாதாரணக் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்வதும், மாதந்தோறும் வாங்கும் சர்க்கரை நோய் மாத்திரையும் அதில் அடங்கா.

இரண்டாவது, மருத்துவமனைகள் பிரிவு பிரிவாகவே இத்திட்டத்தில் சேர்க்கப்படுகின்றன. ஒரு மருத்துவமனை எலும்பு முறிவுக்கு அங்கீகாரம் பெற்றிருக்கும். இருதய நோய்க்குப் பெற்றிராது. ஆகையால் வாயிலில் திட்டத்தின் பலகை தொங்குகிறது என்பதைக் கண்டவுடன் மனம் நிறைவு கொள்ளலாகாது. ‘எந்தப் பிரிவுக்கு?’ என்று கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் அடங்கியவையே. அங்கே சிகிச்சை பெறுவோர் அட்டையைக் காட்டுவதால் அம்மருத்துவமனைக்குத் திட்டத்திலிருந்து பணம் வந்து சேர்கிறது. அதன் வளர்ச்சிக்கும் அது பயன்படுகிறது. ‘இலவசந்தானே, அட்டை எதற்கு?’ என்று இருந்துவிடாமல் அதைக் கொடுப்பது பொதுநலத்துக்கு நாம் செய்யும் சிறு தொண்டு ஆகும்.

அட்டைக்குரிய சிகிச்சைக்கு எவரேனும் தனியே பணம் கேட்டால், 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் முறையிடலாம்.

நம் ஊரின் அமைப்பு

கீரமங்கலம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கோரத்தில் இருக்கிறது. தெற்கே அறந்தாங்கி, வடமேற்கே ஆலங்குடியும் அதற்கு அப்பால் புதுக்கோட்டையும், கிழக்கே பேராவூரணி, பட்டுக்கோட்டை, வடக்கே தஞ்சாவூர். கிழக்கிலும் வடக்கிலும் உள்ள ஊர்கள் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தவை. அரசின் அட்டைக்கு மாவட்ட எல்லை தடையில்லை என்பதைப் பலர் அறியார். தமிழ்நாட்டில் திட்டத்தில் சேர்ந்துள்ள எம்மருத்துவமனையிலும், அதற்கு அங்கீகாரம் உள்ள பிரிவில், அது செல்லும்.

புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி 2017 ஜூனில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் பெரிய நோய்க்கு நம்மவர் பெரும்பாலும் தஞ்சாவூரையே நம்பியிருந்தனர். தஞ்சை மருத்துவக் கல்லூரி 1959-இல் தோன்றியது. இன்று இரண்டு கல்லூரி மருத்துவமனைகள் நமக்கு இரு திசையில் இருக்கின்றன. இவை தவிர அறந்தாங்கி, ஆலங்குடி, பட்டுக்கோட்டை ஆகிய ஊர்களின் அரசு மருத்துவமனைகளும் உள்ளன. எந்த நோய்க்கு எத்திசையில் செல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்கும் குடும்பம், அவசர காலத்தில் அரை மணி நேரத்தையேனும் மிச்சப்படுத்தும். அந்த அரை மணி சில சமயம் ஓர் உயிரின் விலையாக இருத்தலும் கூடும்.

அட்டையைத் தேடக் கூடாத வேளைகள்

சில நேரங்களில் அட்டையைப் பற்றி எண்ணுவதே தவறாகும். விடியுமுன் பூப்பறிக்கச் செல்லும் நம் பெண்மக்களுக்குப் பாம்புக்கடி ஓயாத அச்சம். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது. மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நச்சுமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கிறது. கடிபட்டவரை மந்திரிப்பவரிடமோ, எங்கோ தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ கொண்டுபோகாமல், மருந்து இருப்பில் உள்ள அரசு மருத்துவமனைகளுள் மிக அருகிலுள்ளதற்கே 108 வண்டியில் சேர்க்க வேண்டும்.

சாலை விபத்தும் அவ்வாறே. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் குறிப்பிட்ட மருத்துவமனைகள் கட்டணமின்றி அளிக்கின்றன. தொடக்கத்தில் இதற்கு ரூ.1 இலட்சம் வரை வரம்பு வகுக்கப்பட்டது. காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளி மாநிலத்தவருக்கும் இது உண்டு.

அன்றாட நோய்களுக்கு வேறு வழி

2005-06-இல் ஒன்றிய அரசு கைத்தறி நெசவாளர்களுக்கென ஒரு காப்பீட்டுத் திட்டத்தை ஐ.சி.ஐ.சி.ஐ. லொம்பார்டு கம்பெனியின் வாயிலாகத் தொடங்கியது. குடும்பத்தில் நால்வருக்கு ஆண்டுக்கு ரூ.15,000 வரம்பு, அதில் ரூ.7,500 வரை வெளிநோயாளிச் சிகிச்சைக்குச் செலவிடலாம். தொகை சிறிதாயினும், மருத்துவமனையிற் படுக்காமலே தீர்க்கத்தக்க நோய்களுக்கு அது இடந்தந்தது. அத்திட்டம் இன்று இல்லை. ஆனால் முதுகுவலி, கண் மங்கல், இரத்த அழுத்தம் ஆகியவை தறிக்குழியில் அமர்ந்தவரை விட்டுப் போய்விடவில்லை. இவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தையே நாட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டு 5 முதல் நடைபெறுகிறது. பெயரைப் பதிவு செய்யாதவர்கள் செய்துகொள்ளல் நலம்.

பாலிசி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

தோப்பும் தோட்டமும் உடைய அங்கத்தினர் பலர் வருமான வரம்பைக் கடந்திருப்பர். அவர்கள் கம்பெனிகளில் பாலிசி வாங்க வேண்டியவர்கள். முகவர் பேச்சில் முதலில் வருவது தொகை. இறுதியில் வருவது மருத்துவமனைகளின் பட்டியல். நாம் அவ்வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் பட்டியலைக் கேட்க வேண்டும். அதில் சென்னையிலும் கோயமுத்தூரிலும் நூறு பெயர்கள் இருந்து, புதுக்கோட்டை, தஞ்சை, பட்டுக்கோட்டை வட்டாரத்தில் ஒன்றிரண்டே இருக்குமானால், அந்தப் பாலிசி நமக்கு அதிகம் பயன்படாது. வழக்கமாக நாம் செல்லும் மருத்துவரிடமே, ‘அவசரமென்றால் எங்கே அனுப்புவீர்கள்?’ என்று கேட்டு, அப்பெயரைப் பட்டியலில் தேடுவது சிறந்த வழி.

பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் கையிலிருந்து செலவு செய்து, பின்னர் கம்பெனியிடம் பெற்றுக்கொள்ளும் முறையும் உண்டு. அதற்கும் அந்த இடம் ‘மருத்துவமனை’ என்னும் இலக்கணத்துக்குள் வர வேண்டும். சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லையேல் பத்து இலட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகையுள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கைகள், இரவும் பகலும் செவிலியரும் மருத்துவரும், அறுவை அரங்கு ஆகியவை இருத்தல் வேண்டும். சிற்றூர்களில் நான்கைந்து படுக்கைகளுடன் நடக்கும் பதிவு பெறாத கிளினிக்குகளின் ரசீதுகள் ஏன் திரும்பி வருகின்றன என்பது இதனால் விளங்கும். பொதுவாக 24 மணி நேரமேனும் உள்நோயாளியாக இருந்திருக்கவும் வேண்டும்; சில சிறு அறுவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அறை வாடகை வரம்பையும் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்னும் பொதுப் பாலிசியில் நாள் வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகம் போனால் ரூ.5,000. இரண்டு இலட்ச ரூபாய்ப் பாலிசியாயின் ரூ.4,000 ஆகிறது. ஒருவர் ரூ.8,000 வாடகை அறையில் தங்கினால், வாடகையோடு மட்டும் வெட்டு நின்றுவிடாது. மருத்துவர் கட்டணம், அறுவைக் கட்டணம் முதலியவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக்கிக் கொடுக்கும் விதி பல பாலிசிகளில் உண்டு. இதன் மேல், ஒப்புக்கொண்ட தொகையில் 5 சதவீதத்தை நோயாளியே ஏற்க வேண்டும் என்பதும் இந்தப் பாலிசியின் நிபந்தனை.

முன்பே இருக்கும் நோய்களை மறைக்கலாகாது. அவற்றுக்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் மூன்றாண்டுகளுக்கு மேற்படக் கூடாதென ஒழுங்காணையம் விதித்துள்ளது. பாலிசி கைக்கு வந்தபின் 30 நாள்களுக்குள் பிடிக்காவிடில் திருப்பிக் கொடுக்கலாம். தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. தவணை தவறினால், கழித்த காத்திருப்புக் காலமெல்லாம் வீணாகும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்தபோது, ஓரிரவில் வருமானம் எவ்வாறு அற்றுப்போகும் என்பதைக் கண்டோம். ஆகையால் நல்ல ஆண்டின் வரவை எண்ணிப் பெரிய பாலிசி வாங்குவதைவிட, மோசமான ஆண்டிலும் கட்டக்கூடிய பிரீமியத்தைத் தேர்வதே விவேகம்.

பிறர் கண்ட அனுபவம்

இக்கவலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் 65 வயது கடந்தோருக்கான ‘மெடிகேர்’ திட்டச் சட்டத்தில் 1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி ஜான்ஸன் கையொப்பமிட்டார். இன்று அத்திட்டத்தினரில் பாதிக்கு மேற்பட்டோர் தனியார் கம்பெனிகள் நடத்தும் பிரிவில் இருக்கின்றனர். அப்பிரிவில் கம்பெனியின் பட்டியலிலுள்ள மருத்துவரிடமே பெரும்பாலும் செல்ல வேண்டும். ஆகவே ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை அந்நாட்டு முதியோர், தம் மருத்துவரும் தம்மூர் மருத்துவமனையும் அடுத்த ஆண்டுப் பட்டியலில் உள்ளனவா என்று பார்த்துத் திட்டத்தைத் தேர்கின்றனர். செல்வம் மிகுந்த நாட்டிலும் கேள்வி இதுவே.

அண்டை மாநிலமாகிய கர்நாடகம் கூட்டுறவாளருக்கு இன்னும் அணுக்கமான பாடத்தைத் தருகிறது. அங்கே ‘யசஸ்வினி’ திட்டம் 2003 ஜூனில் செயற்படத் தொடங்கியது. கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் தலைக்கு மாதம் ரூ.5 செலுத்தினர், அரசும் உதவியது. முதலாண்டிலேயே சுமார் 16 இலட்சம் பேர் சேர்ந்தனர். எந்த மருத்துவமனை, எந்த அறுவைக்கு என்ன கட்டணம் என்பவை முன்னரே பேசி முடிக்கப்பட்டிருந்தன. 2018-இல் அது பொதுத் திட்டத்துடன் இணைக்கப்பட்டு மறைந்தது. கூட்டுறவாளரின் வேண்டுகோளால் 2022-23-இல் மீண்டும் உயிர் பெற்றது. தனி மனிதர் பேச முடியாத பேரத்தைச் சங்கம் பேச முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

காப்பீடு பெறுவதற்கென்றே ஒரு குழுவைக் கூட்டுவதை விதிகள் அனுமதிப்பதில்லை. ஆனால் வேறு நோக்கத்துக்காக நெடுநாளாக இயங்கிவரும் கூட்டுறவுச் சங்கம், தன் அங்கத்தினருக்காகக் குழுப் பாலிசி பற்றிக் கம்பெனிகளிடம் பேசலாம். அது நிறைவேறக் காலம் பிடிக்கும். உடனே செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சங்கமும் ஒரு தாளில், நம் வட்டாரத்து மருத்துவமனைகளின் பெயர், அரசு அட்டை செல்லும் பிரிவுகள், தொலைபேசி எண், இரவில் மருத்துவர் உண்டா இல்லையா என்ற விவரம் ஆகியவற்றை எழுதிச் சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். பட்டியல்கள் மாறுமாதலால் ஆண்டுக்கு இருமுறையேனும் விசாரித்துத் திருத்த வேண்டும். நூல் வாங்கவும் விளைபொருள் கொடுக்கவும் வருவோர் அதைக் கண்டு தம் வீட்டுக்கும் படி எடுத்துச் செல்லட்டும்.

அடுத்த பொதுக்குழுவில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளை வேண்டுகிறோம். அங்கத்தினர்களும் இன்று மாலையே பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்து, அதில் குடும்பத்தார் அனைவர் பெயரும் உள்ளதா என்று பார்ப்பார்களாக. புதிதாகப் பிறந்த குழந்தையும், மருமகளாக வந்த பெண்ணும் விடுபட்டுப்போவது வழக்கம். அப்பெயர்களைச் சேர்ப்பதற்குச் செலவு ஒரு நாள் அலைச்சல் மட்டுமே.